எழுதாக் கூத்தும் எழுதிய நூலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நாடகக் குழுவினர் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் நாடகம் உண்டு என்பது நம் காலனியின் நெடுநாள் வழக்கம். இம்முறை நாடகத்துக்கு முன்னர் ஒரு நூலைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். நாடகக் குழுவினர் ஐவர் கூடி எழுதி, எங்கள் சொந்தப் பொறுப்பிலேயே அச்சிட்டு வெளியிட்ட 'எழுதாக் கூத்து' என்னும் சிறு நூலே அது. முன்கூட்டி எழுதப்பட்ட வசனம் இன்றி, மேடையில் நின்றவாறே புனைந்து நடிக்கும் நகைச்சுவை நாடகத்தைப் பற்றியது. மேனாட்டார் இதனை 'இம்ப்ராவ்' என்பர். "எழுதாத நாடகத்தைப் பற்றி எழுதுவானேன்?" என்று எங்களைக் கேட்காதவர் இக்காலனியில் இல்லை. அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், இம்முயற்சியில் நாங்கள் இறங்க நேர்ந்த காரணத்தைச் சொல்லுகிறோம். அது பெருமைக்குரிய காரணம் அன்று. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் அவர்களுள் பலர் தமிழ் படிக்க அறியார். சில ஆண்டுகளுக்கு முன் அரசர் கதை ஒன்றை நடிக்க வைத்தோம். வசனங்களைத் தேவநாகரி எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். இந்தி எழுதும் முறையில் எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் இல்லை, ழகரமும் இல்லை. விளைவு யாது? "ஓலையைக் கொடு" என்று கர்ச்சிக்க வேண்டிய அரசன் "ஓலையைக் கோடு" என்றான். பழம் கொணர்ந்த சேவகன் "பளம்" என்றான். சபையோர் சிரித்தனர். சிறுவர் இருவரும் திரைக்குப் பின்னால் அழுதனர். மறு ஆண்டு நடிக்க வருமாறு அழைத்தபோது அவ்விருவரும் வரவில்லை. அவர்தம் நண்பர்களும் வரவில்லை. நாடகம் நின்று போயிற்று. வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை, ஏட்டைக் கண்டதும் ஊமையாவதை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

அச்சமயத்தில்தான் எங்களுள் ஒருவர் வயோலா ஸ்போலின் என்னும் அம்மையாரின் வரலாற்றைக் கொண்டுவந்தார். 1906-ஆம் ஆண்டு சிகாகோ நகரில், ருஷ்ய நாட்டிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்நகரில் ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் அவருடைய தோழியும் 1889-இல் நிறுவிய 'ஹல் ஹவுஸ்' என்னும் இல்லம், பல தேசங்களினின்றும் பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்களுக்குப் புகலிடமாய் விளங்கியது. அங்கே நீவா பாய்ட் என்பாரிடம் ஸ்போலின் பயின்றார். விளையாட்டின் வாயிலாகக் குழந்தைகளைப் பழக்குவது பாய்டின் முறை. பின்னர், 1930-களின் இறுதியில் அரசாங்கப் பொழுதுபோக்குத் திட்டம் ஒன்றில் நாடகப் பயிற்சியை மேற்பார்வையிட்டபோது, வெவ்வேறு மொழியும் பழக்கமும் உடைய குடியேறிகளின் பிள்ளைகளை ஒருங்கே நடிக்க வைக்க வேண்டிய நிலை ஸ்போலினுக்கு ஏற்பட்டது. மனப்பாடம் செய்விக்காமல், எளிய விளையாட்டுகளால் அவர் அதனைச் சாதித்தார். அவ்விளையாட்டுகளைத் தொகுத்து 1963-இல் அவர் வெளியிட்ட நூலே இத்துறையின் மூலநூல்களுள் ஒன்று. அவர் மைந்தர் பால் சில்ஸ் 1955-இல் 'காம்பஸ்' குழுவிலும், 1959-இல் 'செகண்ட் சிட்டி' அரங்கிலும் முன்னின்று, அக்குழந்தை விளையாட்டைப் பெரியோர் காசு கொடுத்துப் பார்க்கும் கலையாக்கினார்.

அன்பர்களே, ஊர் விட்டு ஊர் வந்தோரின் பிள்ளைகளுக்காகப் பிறந்த கலை இது என்று அறிந்தபோது எங்கள் உள்ளம் துள்ளிற்று. இது நமக்கே உரியது அன்றோ!

இக்கலையின் முதல் விதி மிக எளியது. உடன் நடிப்பவர் எது சொன்னாலும் அதனை ஏற்க வேண்டும். ஏற்றபின் அதன்மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 'ஆமாம், மேலும்' என்று நாங்கள் அதற்குப் பெயரிட்டோம். ஒரு சிறுமி, "அண்ணா, நம் வீட்டு மாடியில் ஓர் ஒட்டகம் நிற்கிறது" என்கிறாள். "ஒட்டகமும் இல்லை, ஒன்றும் இல்லை" என்று அவன் சொன்னால் ஆட்டம் அங்கேயே மாண்டது. "ஆமாம், வாடகை கேட்க வந்திருக்கிறது, ஆறு மாதப் பாக்கி" என்றால் ஆட்டம் உயிர் பெறுகிறது. நகைச்சுவையை வலிந்து தேட வேண்டுவதில்லை. ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அது தானே முளைக்கிறது.

மற்றோர் ஆசான் இங்கிலாந்தில் 1933-இல் பிறந்து 2023-இல் மறைந்த கீத் ஜான்ஸ்டன். 1968 வரையில் அந்நாட்டில் நாடக வசனங்களை அரசாங்கத்தாரிடம் முன்கூட்டிக் காட்டி அனுமதி பெற வேண்டும் என்பது சட்டம். எழுதப்படாத வசனத்தை எவ்வாறு காட்டுவது? ஆகவே தம் குழுவின் ஆட்டத்தை நாடகம் என்னாது, பாடம் என்று கூறி அவர் நடத்தினார். 1979-இல் வெளிவந்த அவரது நூல் மேல்-கீழ் நிலையைப் பற்றி ஆராய்கிறது. இருவர் சந்தித்தால் ஒருவர் தம்மை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டிக்கொள்கிறார் என்பதும், அந்நிலை மாறும்போதே நகை பிறக்கிறது என்பதும் அவர் கண்டவை. தமிழருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? 'வா' என்றும், 'வாரும்' என்றும், 'வாருங்கள்' என்றும் ஒரு சொல்லுக்குள்ளேயே நிலையை வைத்திருக்கும் மொழி நம்முடையது. வேலைக்காரன் 'வாடா' என்றும் முதலாளி 'வருகிறேன் ஐயா' என்றும் பேசும் ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். மரியாதைப் பன்மையை எத்தனையோ முறை திருத்தியும் கற்காதவர்கள் ஒரு மாலைப் பொழுதில் கற்றனர்.

இது முற்றிலும் மேனாட்டுச் சரக்கு என்றும் எண்ணற்க. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் சமயத்துக்கேற்பச் சொல் தொடுப்பவன். மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தில், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்ட நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையில் சந்திக்கின்றனர். 'வள்ளி திருமண'த்துத் தர்க்கமும், பபூனின் வேடிக்கையும் அவ்விடத்திலேயே விளைவன.

நிற்க. இம்முயற்சியை எல்லாரும் வரவேற்றனர் என்று சொன்னால் அது பொய்யாகும். நம் காலனியில் பல்லாண்டுகள் நாடகம் எழுதி நடத்திய பெரியவர் ஒருவர் கடுமையாக மறுத்தார். "வீட்டில் பேசும் நூறு சொல்லையே மேடையிலும் பேசினால் பிள்ளை என்ன தமிழ் கற்கும்? வசனத்தை மனப்பாடம் செய்தால் புதுச்சொல் பத்தாவது நாவில் ஏறும்" என்றார். அப்போது நாங்கள் அவரோடு வாதிட்டோம். 'ஆமாம், மேலும்' என்று பிள்ளைகளுக்குப் போதித்தவர்கள், அவரிடம் 'இல்லை, ஒருபோதும் இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஈராண்டு ஆடிய பிறகு நூல் எழுதத் துணிந்தோம். பிற காலனிகளிலும் நம்மைப் போன்றோர் இருப்பர். அவர்களுக்குப் பயன்படட்டும் என்பதே எண்ணம். முதற்படியில், எங்கள் மேடையில் எழுந்த சிறந்த வேடிக்கைகளை அப்படியே எழுதினோம். படித்துப் பார்த்தால் ஒன்றிலும் சிரிப்பு வரவில்லை! முந்தின நாள் மலர்ந்த பூவை ஏட்டில் ஒட்டியது போல் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களைக் கிழித்தெறிந்தோம். பிறகே ஸ்போலின் செய்ததன் பொருள் விளங்கிற்று. அவர் விளைந்த நகையை எழுதவில்லை. விளைவிக்கும் விளையாட்டை எழுதினார். நாங்களும் எத்தனை பேர், எவ்வளவு இடம், என்ன விதி, எங்கே தவறும் என்ற முறையில் நாற்பது விளையாட்டுகளை எழுதினோம்.

பதிப்பாளர் இருவருக்குக் கைப்பிரதி அனுப்பினோம். ஒருவர், இதற்கு வாசகர் இலர் என்றார். மற்றொருவர் பதிலே எழுதவில்லை. அவர்களைக் குறை கூறோம். வணிகம் அவர்கள் பொறுப்பு. தாமே பதிப்பிப்பது இத்துறையில் இழுக்கும் அன்று. நியூயார்க்கில் அரங்கம் நடத்திய மேட் பெஸ்ஸர், இயன் ராபர்ட்ஸ், மேட் வால்ஷ் ஆகிய மூவர் தம் பயிற்சி நூலை 2013-இல் தாமே வைத்த பதிப்பகப் பெயரில் வெளியிட்டனர். வில் ஹைன்ஸ் என்னும் ஆசிரியரும் 2016-இல் தம் நூலை அவ்வாறே கொணர்ந்தார். நம் நாட்டிலோ, உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அன்பர்களிடம் முன்கூட்டிக் கையொப்பம் பெற்றே அச்சுச் செலவைத் திரட்டினார். அவ்வழியையே நாங்களும் பின்பற்றினோம். காலனியில் எழுபது குடும்பத்தார் கையொப்பமிட்டனர்.

பிறருக்குப் பயன்படும் என்பதால் செய்முறையையும் சொல்லுகிறோம். அச்சில் பதினாறு பக்கம் ஒரு பாரம். எங்கள் நூல் டெம்மி அளவில் ஆறு பாரம், தொண்ணூற்றாறு பக்கம். பக்கத்தைப் பாரத்துக்கு ஒத்தவாறு அமைத்துக்கொண்டால் காகிதம் வீணாகாது. பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கல்வி அமைச்சகத்தைச் சார்ந்த ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான நிலையம் கட்டணமின்றி வழங்குகிறது. 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, வெளியிட்ட முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமரா நூலகம், மும்பை, டெல்லி நூலகங்கள் ஆகிய நான்கிற்கும் பிரதி அனுப்புதல் வேண்டும். தாமே வெளியிடுவோர்க்கும் இக்கடமை உண்டு.

இனி எங்கள் பிழையைச் சொல்லும் இடம் வந்தது. முந்நூறு பிரதிகள் வந்து இறங்கின. கட்டைப் பிரித்தோம். மேலட்டையில் 'எழுதாக் கூத்து' என்பதற்குப் பதிலாக 'எழுதாக கூத்து' என்று இருந்தது. எழுத்துரு மாறியபோது ககரத்தின் மேலிருந்த புள்ளி மறைந்திருக்கிறது. உள்ளே ஒவ்வொரு வரியையும் மும்முறை பார்த்த நாங்கள், மேலட்டையைப் பாராமலே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டோம். தவறு முழுதும் எங்களுடையதே. மறுபடி அச்சிடப் பணம் இல்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம்.

அப்பொழுது அங்கிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன், அன்று 'கோடு' என்று சொல்லி அழுதவன், "மாமா, புள்ளிதானே இல்லை? ஆமாம், மேலும் நாங்கள் வைத்துவிடுகிறோம்" என்றான். அன்று மாலை இம்மண்டபத்தில் பதினெட்டுப் பிள்ளைகள் கரிய மைப் பேனாவுடன் வரிசையாக அமர்ந்தனர். எங்கே வைப்பது என்று கேட்டனர். யார் காட்டிக் கொடுத்தார் தெரியுமா? மறுத்துப் பேசிய அதே பெரியவர்! "இது க. புள்ளி வைத்தால் க். வாயை மூடிக்கொண்டு சொல்லிப் பார்க்க முடியுமா?" என்று ஒவ்வொருவரிடமாகச் சென்றார். முந்நூறு புள்ளிகள் முடிவதற்குள், இரண்டு பிள்ளைகள் அட்டையிலிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டனர். நூலை எழுதி நாங்கள் சாதிக்காததை, நூலின் பிழை சாதித்தது.

அன்றிரவு பெரியவரிடம் சென்று, நீங்கள் சொன்னதில் பாதி மெய் என்று ஒப்புக்கொண்டோம். எழுதாக் கூத்து பிள்ளையின் நாவைத் திறக்கிறது. ஆனால் புதுச்சொல்லையும் எழுத்தையும் அதுவே கொண்டுவந்து தராது. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "மறுபாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன்" என்றார். அவர் யோசனைப்படி இப்போது புதிய வழக்கம் ஒன்று நடைபெறுகிறது. ஞாயிறுதோறும் பிள்ளைகள் ஆடுகின்றனர். ஆடி முடித்ததும் தாங்கள் சொன்னவற்றுள் பிடித்த நாலு வரியைச் சொல்ல, பெரியவர் தமிழில் எழுதுகிறார். இரண்டொரு புதுச்சொல்லையும் இடையே நுழைத்துவிடுகிறார். மறு வாரம் அவ்வரிகளைப் பிள்ளைகளே படிக்கின்றனர். பிறர் எழுதிய வசனத்துக்கு அஞ்சியவர்கள், தம் வாய்மொழியைப் படிக்க அஞ்சவில்லை. இரண்டாம் பதிப்பு வருமானால் இம்முறை அதன் கடைசி அத்தியாயமாகும்.

எழுதாததை எழுதுவானேன் என்னும் வினாவுக்கு இதுவே எங்கள் விடை. ஆடிய கூத்தை ஏட்டில் பிடிக்க முடியாது. ஆனால் இன்னொருவர் ஆடுவதற்கு ஏடு வழி காட்ட முடியும். ஆடிய பிள்ளை ஒருநாள் அந்த ஏட்டைத் தானே திறக்கவும் கூடும்.

கையொப்பமிட்ட குடும்பத்தார்க்கும், புள்ளி வைத்த பதினெண்மர்க்கும், மறுத்தும் உதவியும் எங்களைத் திருத்திய பெரியவர்க்கும் எங்கள் நன்றி. உங்கள் இல்லத்துப் பிள்ளைகளை ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இம்மண்டபத்துக்கு அனுப்பி வைக்குமாறு வேண்டுகிறோம். நூல் வாங்குவோர் மேலட்டையை உற்று நோக்குக, அப்புள்ளி அச்சிட்டதன்று. சில பிரதிகளில் அது சற்றே கோணலாக இருக்கும். அதனைப் பொருட்படுத்தாது ஏற்றருள்க.