கோசி: கரை கட்டியும் அடங்காத ஆறு

2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்தில் குசஹா என்ற ஊருக்கருகே கோசி ஆற்றின் கிழக்குக் கரை உடைந்தது. அப்போது ஆற்றில் வந்துகொண்டிருந்த தண்ணீர் விநாடிக்கு ஏறத்தாழ 1.5 லட்சம் கனஅடி. கோசித் திட்டமோ 9.5 லட்சம் கனஅடி வந்தாலும் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. பெருவெள்ளம் என்று சொல்லவே முடியாத நீர்வரத்தில் கரை போயிற்று. ஆறு தன் பழைய தடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பீகாருக்குள் இறங்கியது. சுபௌல், மாதேபுரா, அரரியா மாவட்டங்களில் வெள்ளம் வராத பகுதி என்று நம்பி இரண்டு தலைமுறையாகக் குடியிருந்த ஊர்களும் மூழ்கின. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 30 லட்சம் பேர்.

பேராறுகளை மனிதன் அடக்க முயன்ற கதை நைல் முதல் மிசிசிப்பி வரை நீளும். இவ்வுரை கோசியோடு நின்றுகொள்கிறது. முயற்சி, நம்பிக்கை, பிடிவாதம் மூன்றையும் ஒரே இடத்தில் காட்ட இந்த ஓர் ஆறே போதும்.

எவரெஸ்டில் உருகும் பனியும் கஞ்சன்ஜங்காவின் மேற்குச் சரிவில் உருகும் பனியும் கோசியில்தான் சேர்கின்றன. நேபாளத்தில் சுன்கோசி, அருண், தமோர் மூன்றும் கலந்து, சதரா என்ற இடத்தில் மலையை விட்டுச் சமவெளிக்கு வருகின்றன. அங்கே சரிவு குறைகிறது, வேகம் தணிகிறது, சுமந்துவந்த மண் படிகிறது. ஆண்டுக்குப் பத்துக் கோடி டன் அளவில் வரும் மண் அது. படுகை மேடானால் ஆறு பள்ளம் தேடி விலகும். இப்படி விலகி விலகியே இரண்டரை நூற்றாண்டில் சுமார் 120 கி.மீ. மேற்கே நகர்ந்திருக்கிறது கோசி.

இதை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் அறியாமலில்லை. 1937 நவம்பரில் பாட்னாவில் கூடிய வெள்ள மாநாட்டில், மாகாணத் தலைமைப் பொறியாளர் கேப்டன் ஹால் கரை கட்டுவதையே எதிர்த்தார். கரைகள் வெள்ளத்தைத் தீர்ப்பதில்லை, கூட்டுகின்றன என்பது அவர் வாதம். அடுத்த பத்தாண்டில் பராகக்ஷேத்திரப் பள்ளத்தாக்கில் பேரணை ஒன்று கட்டும் யோசனை வந்தது, செலவுக்கு அஞ்சி ஒதுங்கியது. 1953இல் பெருவெள்ளம். அரசுக்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டிய நெருக்கடி. 1954இல் இந்தியப் பொறியாளர்கள் கன்வர் செயினும் கே.எல். ராவும் சீனாவுக்குப் போய் மஞ்சளாற்றுக் கரைகளைப் பார்த்துவிட்டு, கோசிக்கும் கரை கட்டலாம் என்றார்கள். 1855இல் கரையை உடைத்துத் தன் முகத்துவாரத்தையே மாற்றிக்கொண்ட ஆறு மஞ்சளாறு. கைஃபெங் நகரத்தின் தெருக்களைவிட அதன் படுகை உயரத்தில் இருக்கிறது. நல்ல சான்றைத்தான் தேடிப் போயிருக்கிறார்கள்!

1954 ஏப்ரலில் நேபாளத்தோடு ஒப்பந்தம். 1955 ஜனவரியில் கரை வேலை தொடங்கியது. ஊர்மக்கள் சிரமதானமாக மண் சுமந்தார்கள். எல்லையை ஒட்டி 56 மதகுகளோடு கதவணை எழுந்தது.

கரைகளுக்கு வெளியே இருப்பவர்களைக் காப்பதுதான் திட்டம். உள்ளே மாட்டிக்கொண்ட 300க்கும் மேற்பட்ட கிராமங்களை என்ன செய்வது? வீடு கட்ட வெளியே மனை தருவதாகச் சொன்னார்கள். விளைநிலத்துக்கு மாற்று நிலம் இல்லை. வயல் உள்ளே இருக்க, வெளியே மனையை வைத்துக்கொண்டு எவர் பிழைப்பார்? பெரும்பாலோர் திரும்பிவந்தார்கள். அவர்கள் பேரன் பேத்திகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆறு நிலத்தை அரித்தால் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு வேறு மேட்டுக்குப் போகிறார்கள். வெளியே இருப்பவர்களுக்கு வேறு தொல்லை. கோசியில் கலக்க வேண்டிய சிற்றாறுகளுக்கும் மழைநீருக்கும் கரை குறுக்கே நிற்கிறது; வடியாத தண்ணீர் வயலில் மாதக்கணக்கில் தேங்குகிறது. முன்பு பரந்து படிந்த மண் இப்போது இரு கரைக்குள்ளேயே படிவதால், உள்ளே படுகை வெளியே வயலைவிட உயர்ந்துவிட்டது.

குசஹா உடைப்புக்குப் பராமரிப்பில் நேர்ந்த அலட்சியமே காரணம் என்றார்கள். உடைந்த இடம் நேபாளம், பழுதுபார்க்கும் பொறுப்பு இந்தியாவுக்கு, இழுபறிக்குக் கேட்பானேன்? அலட்சியம் உண்மைதான். ஆனால் 1963இல் டல்வா, 1968இல் ஜமால்பூர், 1984இல் நவ்ஹட்டா, 1991இல் ஜோகினியா என்று உடைப்புகள் முன்பும் நடந்தவையே. எல்லாவற்றையும் அலட்சியத்தின் தலையில் கட்டிவிட முடியாது. பீகார் முழுமைக்குமான கணக்கு இன்னும் சங்கடமானது. 1950களின் தொடக்கத்தில் மாநிலத்தின் ஆற்றுக் கரைகளின் நீளம் 160 கி.மீ., வெள்ள அபாயப் பகுதி 25 லட்சம் ஹெக்டேர். கரை 3,400 கி.மீ.யைத் தாண்டியபோது அபாயப் பகுதி 68 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்தது. கணக்கெடுக்கும் முறை மாறியதையும் சேர்த்துப் பார்த்தாலும், கட்டிய கரைக்குக் கிடைத்த பலன் என்று இதைச் சொல்ல முடியாது.

2024 செப்டம்பர் இறுதியில் 6.61 லட்சம் கனஅடி வந்தது, 1968க்குப் பிறகு மிக அதிகம். 56 மதகுகளும் திறக்கப்பட்டன. தர்பங்கா மாவட்டத்தில் கரை உடைந்தது. மறு ஆண்டு மார்ச்சில் மத்திய அமைச்சரவை கோசி–மேச்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய்க்கு ஒப்புதல் தந்தது. வெள்ளமும் இதனால் குறையும் என்று சொல்லப்படுகிறது. பாசனத்துக்கு அது உதவக்கூடும். ஆனால் அந்தக் கால்வாய் வாங்கிக்கொள்ளக்கூடிய தண்ணீர் விநாடிக்குச் சுமார் 20 ஆயிரம் கனஅடி.