நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் நோயைப் பற்றிக் கதைப்பதா என்று தயங்கினேன். செயலாளர்தான், "வருகிற பலர் வீட்டில் யாரையோ பராமரித்துக்கொண்டிருக்கினம், கதையுங்கோ அக்கா" என்றார்.

என் கணவருக்கு நாரி நோவு என்றுதான் தொடங்கியது. தோட்டம் கொத்தியதால் வந்தது என்று நினைத்தோம். பார்மசியில் டைக்குளோபினாக் வாங்கி இரண்டு மாதம் கொடுத்தேன். கொடுத்தது நான்தான். கால் வீங்கி, ஓங்காளம் வந்து, சாப்பாட்டை மறுத்தபிறகே இரத்தம் சோதித்தோம். கிரியேற்றினின் 7ஐத் தாண்டியிருந்தது. வந்திருந்தது மல்ட்டிப்பிள் மயலோமா, என்பு மச்சையில் உண்டாகும் புற்றுநோய். அந்தக் கலங்கள் சுரக்கும் புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த நிலையில் டைக்குளோபினாக், ஐபுபுரோபன் போன்ற குளிசைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

"நான் கொடுத்த குளிசையாலா டொக்டர்?" என்று கேட்டேன். "நோயே போதும் அம்மா. குளிசை எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல ஏலாது" என்றார். அந்தப் பதிலோடுதான் இன்றைக்கும் இருக்கிறேன். வயது போனவர்களுக்கு நாரி நோவு விடாமல் இருந்தால், குளிசை வாங்கமுதல் ஒருக்கால் இரத்தத்தைச் சோதியுங்கள். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

ஒரு உடம்புக்கு இரண்டு கிளினிக். புற்றுநோய்க்குத் தெல்லிப்பழை, இரத்தச் சுத்திகரிப்புக்கு யாழ். போதனா வைத்தியசாலை. (2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழைக்குப் பணம் சேர்த்தார்களே, அதற்கு உங்களில் சிலரும் அனுப்பியிருப்பீர்கள். அங்கே வாங்கில் காத்திருந்த நாட்களில் உங்களை நினைத்தேன்.) இரண்டு இடத்து வைத்தியர்களும் நல்லவர்கள். ஆனால் இங்கே சொன்னது அங்கே போய்ச் சேர நான்தான் வழி. அதனால் ஒரு சீஆர் கொப்பி வாங்கி, கணக்கு ரீச்சர் பழக்கியபடி கோடு போட்டேன். திகதி, நிறை, குடித்த தண்ணீர், போன சலம், காய்ச்சல், கிரியேற்றினின், ஹீமோகுளோபின். முதல் பக்கத்தில் சிவப்பு மையால், கொடுக்கக்கூடாத மருந்துகள். ஒருநாள் புதிதாக வந்த இளம் வைத்தியர் ஒருவர் நோவுக் குளிசை எழுதினார். பேசாமல் கொப்பியை விரித்துக் காட்டினேன். வெட்டிவிட்டு, "தாங்ஸ் அன்ரி" என்றார்.

தண்ணீர்க் கதையைச் சொல்லத்தான் வேண்டும். சலம் போய்க்கொண்டிருந்தபோது நாளுக்கு மூன்று லீற்றர் குடிக்கச் சொன்னார்கள். சுத்திகரிப்பு தொடங்கியதும், கிழமைக்கு மூன்று நாள், நாலு நாலு மணித்தியாலம், தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்கள். நேற்று "குடியுங்கோ" என்றவள் இன்று "குடியாதேங்கோ" என்கிறேன். பார்க்க வருகிறவர்களோ செவ்விளநீர்க் குலையோடும் வாழைப்பழச் சீப்போடும் வருவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்; சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அது இதயத்தின் துடிப்பைக் குழப்பும். முதலில் வாங்கி ஒளித்தேன். பிறகு படலையிலேயே சொல்லப் பழகினேன். ஒரு மாமிக்கு இன்னும் கோபம்.

ஒருநாள் தண்ணீர்க் கோப்பையை அவர் கையிலிருந்து பறித்துவிட்டேன். "நீர் என்ர மனிசியோ, மேற்பார்வையாளரோ?" என்று கத்தினார். அது டெக்சாமெதசோன் குடிக்கிற நாள். அந்த மருந்து நித்திரையையும் கெடுக்கும், பொறுமையையும் கெடுக்கும். அதெல்லாம் தெரிந்தும் குசினிக்குள் போய் அழுதேன். இரவு யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்தநாள் கொப்பியையும் பேனையையும் அவர் பக்கத்தில் வைத்தேன். "இஞ்சாருங்கோ, இனி நீங்களே எழுதுங்கோ." அன்றிலிருந்து சண்டை பாதியானது. தண்ணீரும் அளவோடு நின்றது.

என் வகுப்புத் தோழி ஒருத்தி செவ்வாய்க்கிழமைகளில் சுத்திகரிப்புக்கு அவரைக் கூட்டிப்போக முன்வந்தாள். மூன்று கிழமை வேண்டாம் என்றேன். நாலாவது கிழமை ஓட்டோவோடு வந்து நின்றாள். நான் ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டேன்.

நாலு மாதத்தில் சுத்திகரிப்பை நிறுத்தினார்கள். வயிற்றில் போடும் ஊசி நோயை அடக்கிய பிறகு சிறுநீரகம் ஓரளவு தேறியது. எல்லோருக்கும் அப்படித் தேறுவதில்லை. சுத்திகரிப்பு அறையில் எங்களோடு இருந்த சிலர் இன்னும் போகிறார்கள். இவருடைய நோயும் மாறிவிட்டதென்று வைத்தியர் சொல்லவில்லை, அடங்கியிருக்கிறது என்கிறார். இப்போது மூன்றாவது கொப்பி. தண்ணீர் திரும்பவும் மூன்று லீற்றர். இன்று காலை முதல் கோப்பையைக் குடித்து, எழுதி வைத்துவிட்டு, "பேச்சை நீட்டாதேயும்" என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்.