தன்பால் ஈர்ப்பு பாவமாகுமா?

(கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் தலைப்பு கோயில் மண்டபத்தில் வழக்கமாகப் பேசப்படுவதன்று. பெரியபுராணம் என்றால் முன்வரிசையில் வந்து அமரும் அன்பர்கள் சிலர் இன்று கடைசி வரிசைக்குப் போயிருக்கிறார்கள். காது கேட்கும் தூரத்தில் இருக்கிறார்கள், அது போதும்.

சிங்கப்பூரில் 377ஏ என்னும் சட்டப் பிரிவை நீக்கும் மசோதா 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2023 சனவரியில் அது நடப்புக்கு வந்தது. அது முதல் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "சட்டம் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. சமயம் பாவம் என்கிறதா, இல்லை என்கிறதா?" கேட்பவர்கள் வேடிக்கைக்காகக் கேட்பவர்களல்லர். அவர்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். முன்பெல்லாம் "ஓரினச்சேர்க்கை" என்றுதான் எழுதினார்கள். அந்தச் சொல் செயலை மட்டுமே சுட்டுகிறது. இப்போது "தன்பால் ஈர்ப்பு" என்கிறார்கள். இது மனத்தின் இயல்பைச் சுட்டுகிறது. பாவம் எது என்று ஆராய வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. நம் சமயத்தில் பாவமும் புண்ணியமும் வினையால் வருவன. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை செய்யலாம் என்பது உண்மையே. ஆயினும் ஒருவன் தானே தேடிக்கொள்ளாமல், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தன்னுள் கண்டு அஞ்சுகிற ஓர் ஈர்ப்பை அவன் செய்த வினை என்று எப்படிச் சொல்வது? உலக சுகாதார நிறுவனமும் 1990ஆம் ஆண்டிலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

"இயற்கைக்கு மாறானது என்று சாத்திரமே சொல்கிறதே ஐயா" என்பார்கள். எந்தச் சாத்திரம் என்று கேட்டால் விடை வராது. அந்தத் தொடர் எங்கிருந்து நம் வாய்க்கு வந்தது தெரியுமா? 1860இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்கு வேர் 1533இல் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் வந்த சட்டம். இந்தியச் சட்டத்தைப் பின்பற்றித்தான் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் 1871இல் தண்டனைச் சட்டம் செய்தார்கள். 377ஏ 1938இல் சேர்ந்தது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோர் மனமொத்து நடப்பது அந்தப் பிரிவின்படி குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. மலேசியாவில் அந்தப் பிரிவின் வழிவந்த விதிகள் இன்றும் உள்ளன. ஆக, விக்டோரியா மகாராணியார் காலத்துச் சட்டப் புத்தகத்தின் வாசகத்தை நாம் வேதவாக்காக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சரி, நம் நூல்கள் ஒன்றும் சொல்லவில்லையா? சொல்கின்றன. மறைக்கக் கூடாது. மனுதர்மத்தின் பதினோராம் அத்தியாயத்தில், ஆண் ஆணோடு கூடினால் உடுத்திய துணியோடு நீராடிப் பரிகாரம் செய்துகொள்ளவேண்டும் என்று இருக்கிறது. அதே சுலோகம் பெண்ணோடு மாட்டு வண்டியில் கூடியவனுக்கும், நீருக்குள் கூடியவனுக்கும், பகலில் கூடியவனுக்கும் அதே முழுக்கைத்தான் விதிக்கிறது. (சிரிக்கிறீர்கள். பகல் என்று சொன்னதும் இங்கே எத்தனை பேர் தலை குனிந்தார்கள் என்று நான் எண்ணவில்லை.)

அதே அத்தியாயத்தின் வேறோர் இடத்தில் இது சாதியை இழக்கச் செய்யும் குற்றங்களுள் ஒன்றாக வருகிறது. அந்தப் பட்டியலில் உடன் இருப்பவை, மதுவின் வாடையை முகர்தலும் வஞ்சகமும். வஞ்சகம் என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் அத்தியாயத்தில், கன்னிப் பெண்ணைக் கெடுத்த பெண்ணுக்குத் தலையை மழித்தல் அல்லது இரு விரல்களை வெட்டுதல் என்று கடுமையான தண்டனை இருக்கிறது. கன்னியை வலிந்து கெடுத்த ஆணுக்கும் அங்கே விரல் வெட்டுதான். அந்த நூலாசிரியரின் கவலையெல்லாம் மணமாகாத பெண்ணின் கன்னிமையைப் பற்றியதென்பது அதிலிருந்தே விளங்கும். அன்றியும், மனுதர்மம் நமக்குத் திருமுறையன்று. அதிலுள்ள சாதித் தண்டனைகளையெல்லாம் கைவிட்ட நாம், இந்த ஒன்றை மட்டும் கையில் எடுத்து ஒரு பிள்ளையின் தலையில் அடிப்பது நியாயமாகாது.

தமிழுக்கு வருவோம். திருவள்ளுவர் பிறன்மனை நோக்குவதைக் கண்டிக்கத் தனி அதிகாரம் வைத்தார். வரைவின் மகளிருக்குத் தனி அதிகாரம் வைத்தார். இதற்கு ஓர் அதிகாரமும் வைக்கவில்லை. திருமூலர் கொலை, களவு, கள், காமம், பொய் ஆகிய ஐந்தையும் மாபாதகம் என்றார். "பார்த்தீர்களா, காமம் இருக்கிறதே" என்று ஓர் அன்பர் சென்ற மாதம் எழுந்து கேட்டார். இருக்கிறது ஐயா. அந்தச் சொல் ஆண் பெண் காமத்தையும் சேர்த்துத்தான் சுட்டும். அளவுகோல் ஒன்றென்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வலிந்து தொடுவது, சிறுவர்களைத் தொடுவது, கட்டியவருக்குத் துரோகம் செய்வது, இவை யார் செய்தாலும் பாதகம். இருவர் மனமொத்து ஒருவருக்கொருவர் உண்மையாக வாழ்வதை அந்த வரிசையில் வைக்க எனக்குச் சான்று கிடைக்கவில்லை.

"போன பிறவிக் கர்மம்" என்று சொல்வாரும் உண்டு. சைவ சித்தாந்தப்படி உங்களுக்கும் எனக்கும் கிடைத்த உடம்புகூடப் பிராரத்த வினையால் வந்ததுதான். உயிருக்கு ஆண் பெண் என்ற பேதமும் இல்லை. அவனுடைய இயல்பு மட்டும் கர்மம், நம்முடையது வரம் என்று எந்தச் சித்தாந்த நூலும் பிரித்துச் சொல்லவில்லை. அவனை இகழ்ந்து பேசினால் அது நமக்கு ஆகாமியமாக ஏறும் என்பதைச் சித்தாந்தம் படித்தவர்கள் அறிவார்கள்.

சிலர் அருத்தநாரீசுவரரையும் ஐயப்பன் பிறந்த கதையையும் சான்றாகக் காட்டுகிறார்கள். அவற்றை நான் இந்த வழக்குக்குச் சாட்சியாக அழைக்க விரும்பவில்லை. அவை தத்துவம் சொல்ல வந்தவை. இதுபோன்ற இருவர் ஆலயத்தில் மணம் செய்யலாமா என்பதும் வேறு கேள்வி. அதை ஆகமம் அறிந்தவர்கள் பேசட்டும்.

நான் இன்று பேச வந்தது வேறொரு திருமணத்தைப் பற்றி. "ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதைப் பற்றி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். மகன் தன் இயல்பைத் தாயிடம் சொல்லிவிட்டான். அழுதார்கள், மந்திரித்தார்கள், பிறகு அவசர அவசரமாகப் பெண் பார்த்தார்கள். வந்த மருமகள் நல்ல பக்தி உள்ள பெண். மூன்று ஆண்டுகள் கணவன் அவளை நெருங்கவில்லை. குழந்தை இல்லையென்று பழி அவள்மேல் விழுந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் விரதம் இருந்தாள், நாகப் பிரதிட்டை செய்தாள், மருத்துவரிடம் தனியாகவே போய் வந்தாள். மாமியாருக்குத் திருமணத்துக்கு முன்பே எல்லாம் தெரியும் என்று ஒருநாள் அறிந்தபோது அவள் என்னிடம் வந்து கேட்டது இதுதான்: "நான் என்ன பாவம் செய்தேன்?"

அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. அந்தப் பையனின் இயல்பும் பாவமன்று. தெரிந்தே அவளுக்குத் தாலி கட்ட வைத்தார்களே, அதுதான் பாவம். திருமூலர் சொன்ன பொய் அதில் இருக்கிறது. சற்றுமுன் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன வஞ்சகமும் அதில் இருக்கிறது. அதையும் அக்கினி சாட்சியாகச் செய்கிறோம்.

"வம்சம் என்னாவது, நீர்க்கடன் யார் செய்வது?" என்ற கவலை எனக்குப் புரிகிறது. பெற்ற மனம் அப்படித்தான் துடிக்கும். ஆனால் திருமணம் எல்லோருக்கும் கட்டாயம் என்று நம் சமயம் ஒருநாளும் சொன்னதில்லை. திலகவதியார் மணம் செய்யவில்லை. அவர் தம்பி நாவுக்கரசர் பெருமானும் செய்யவில்லை. அவர்கள் குடி விளங்காமல் போயிற்றா?

அருச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். கோத்திரம் தெரிந்தால் சொல்கிறோம். அதற்கு மேல் சன்னிதியில் கேள்வி கிடையாது. இந்தப் பிள்ளைகள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள் என்றால், அவர்களை நிறுத்தியது மூலவரல்லர். வெளிப் பிரகாரத்தில் நாம் பேசும் பேச்சு.

ஆகவே பெற்றோருக்கு இரண்டு வேண்டுகோள். பிள்ளை வந்து சொன்னால் அன்றிரவு அவனை வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள். அவள் என்றாலும் அப்படியே. அடுத்து, வரன் பார்க்கும்போது சாதகம் பார்க்கும் முன், பிள்ளையைத் தனியே அழைத்து "உனக்கு இதில் மனப்பூர்வமான சம்மதமா" என்று கேளுங்கள். உறவினர் சூழ்ந்திருக்கும் கூடத்தில் கேட்டால் தலைதான் ஆடும், உண்மை வராது. ஆலய நிர்வாகத்தினரையும் கேட்டுக்கொள்கிறேன்: இங்கே திருமணத்துக்கு நாள் பதிய வரும் மணமக்கள் இருவரிடமும், பெற்றோர் இல்லாமல், பத்து நிமிடம் தனித்தனியே பேச ஒருவரை நியமியுங்கள். அந்தப் பணிக்கு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.