அம்மாவின் பேர்

(தாயாரின் முதலாம் ஆண்டு நினைவு நாளில், லயத்து முற்றத்தில் ஆற்றிய உரை)

 

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம். படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, அவருக்குப் பிடித்த தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் படைத்திருக்கிறோம். பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர். பேசுவது ஒரு வாய்தான் என்றாலும், இது நால்வரின் பேச்சு.

1984ஆம் ஆண்டு, தோட்டத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம சம்பளம் கிடைத்த வருஷம். அந்த வருஷம்தான் அம்மா 18 வயதில் இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார். அன்றிலிருந்து 39 வருஷம் பிரட்டு, கூடை, படங்கு, மலை என்று ஓடியது அவர் வாழ்க்கை. கடைசி நாளும் மலையிலிருந்து இறங்கி வந்து, சமைத்துப் போட்டுவிட்டுத்தான் படுத்தார். காலையில் எழும்பவில்லை.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவின் குரலைக் கேட்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். "ஐயா, முள்ளு நிக்கட்டும், பொறகு எழுதுங்க" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார், ஆனால் சொல்லாமல் விடவும் மாட்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் அன்று முள் நின்ற பிறகுதான் கிலோ எழுதப்பட்டது.

ஒரு நாள் கூலிக்கு நாம் 'பேர்' என்று சொல்கிறோம். கிலோ குறைந்தால் அரைப்பேர். அம்மா மாசக் கடைசியில் விரல் விட்டுப் பேர் எண்ணுவார். சம்பளச் சீட்டை மடித்து, பழைய பிஸ்கட் தகரத்தில் போடுவார். உழைத்த பேரில் ஒன்றைக்கூட அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆனால் அவருடைய சொந்தப் பேர் என்ன ஆனது? அதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறோம்.

கருமாதி முடிந்து, அவருடைய சேவைக்காலப் பணத்துக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் எழுதிப் போட்டோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர். அடையாள அட்டையில் எழுத்து மாறிய பேர். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனியின் கைக்கு மாறுவதற்கு முந்திய இடாப்பில், வீட்டில் கூப்பிடுகிற பேர். "இந்த மூவரும் ஒருவர்தானா?" என்று கேட்டார்கள்.

கேள்வி சின்னது, இழப்பு பெரியது. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம் வர வேண்டும். தொழிலாளி இறந்தால் அது வாரிசுகளுக்கு உரியது. 39 வருஷத்துக்கு 546 நாள் சம்பளம். பழைய இடாப்பில் உள்ள பெண் அம்மா இல்லை என்றால் 8 வருஷம் போய்விடும். அது 112 நாள் சம்பளம்.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பேர் எழுதப் பழக்குகிற நாங்கள், பெற்ற தாயின் பேர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு நாளாவது எடுத்துப் பார்க்கவில்லையே!

இது நம் வீட்டில் மட்டும் நடந்த தவறும் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் முன்னோர் குடியுரிமை இழந்தார்கள், பிறகு வாக்குரிமையும் போனது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் வந்தது; யார் போவது, யார் இருப்பது என்று கணக்குப் போட்டார்கள். நம் பேரை நாம் எழுதவில்லை. வேறு யாரோ, தங்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள்.

எங்களைக் காப்பாற்றியது அந்தப் பிஸ்கட் தகரம்தான். 1992க்கு முந்திய சீட்டுகளிலும் பிந்திய சீட்டுகளிலும் ஒரே இடாப்பு இலக்கம் இருந்தது. அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த இரண்டு தாய்மார் சமாதான நீதவான் முன்னால் வந்து, மூன்று பேரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி கொடுத்தார்கள். அவர்கள் அன்று அரைப்பேரையும் இழந்துதான் வந்தார்கள். அந்தக் கடனை நாங்கள் மறக்க மாட்டோம். சங்கமும் கூடவே நின்றது. 11 மாதம் அலைந்து, 39 வருஷத்துக்கும் உரியதை முழுதாக வாங்கினோம். சாகும்போதும் அம்மா ஒரு பேரை விட்டுக்கொடுக்கவில்லை.

தோழர்களே, அம்மாவுக்கு நீங்கள் மரியாதை செய்ய விரும்பினால் மாலை வேண்டாம். இன்றிரவு வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரம் எல்லாவற்றிலும் பேர் ஒன்றாக இருக்கிறதா? உங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? அப்படி எழுதிக் கொடுத்தவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா? வாசிக்கத் தெரியாவிட்டால் கூச்சப்பட வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னேரத்தில் சங்கக் காம்பராவில் உட்கார்ந்திருப்போம். கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். சம்பளச் சீட்டை அடுப்பில் போடாதீர்கள்.

முள் நிற்கும்வரை அம்மா பொறுத்து நின்றார். நம் பேர் சரியாக எழுதப்படும்வரை நாமும் நிற்போம்.