பிச்சையா? பங்கா?

(காரமடையில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏழை பணக்காரன், மேல்சாதி கீழ்சாதி என்கின்ற வித்தியாசங்களைத் தர்மப் பணத்தால் போக்க முடியுமா என்பது பற்றிப் பேசும்படி இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். இதைப் பேசுவதற்குக் காரமடை பொருத்தமான ஊரேயாகும். ஏனெனில், மாசி மாதத்துத் தேர் வந்துவிட்டால் இவ்வூரில் தர்மத்திற்குப் பஞ்சமே கிடையாது. மோர்ப் பந்தல் உண்டு, அன்னதானம் உண்டு, ரங்கநாதருக்குத் தண்ணீர் சேவையும் பந்த சேவையும் உண்டு. ஆனால், தேர் நிலைக்கு வந்த மறுநாள் பாருங்கள். சோறு போட்டவன் முன்னிருந்த நிலையிலேயே இருக்கிறான். சோறு தின்றவனும் முன்னிருந்த நிலையிலேயே இருக்கிறான். எச்சில் இலை மாத்திரம் குப்பைக்குப் போயிற்றே யொழிய, ஏற்றத்தாழ்வு குப்பைக்குப் போகவில்லை.

தோழர்களே! நான் சொல்லுவதில் சிலருக்குக் கோபம் வரலாம். கோபித்துக் கொள்ளுங்கள், ஆனால் வீட்டுக்குப் போய் நிதானமாய் யோசித்துப் பார்த்து, புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, தர்மம் என்பது யாருக்காகச் செய்யப்படுகிறது? கொடுப்பவனுக்குப் புண்ணியம் வேண்டும். அந்தப் புண்ணியத்தைச் சம்பாதிக்க ஒரு ஏழை வேண்டும். ஏழையே இல்லாமற் போய்விட்டால் இந்தப் புண்ணிய வியாபாரம் நடக்குமா? ஆகவே, நம் நாட்டுத் தர்மத்தில் பெரும்பாகம் ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் தர்மமாய் இருக்கிறதே தவிர, அவனை ஏழ்மையிலிருந்து தூக்கிவிடும் தர்மமாய் இல்லை.

இரண்டாவது, தர்மப் பணம் எப்படிச் செலவாகிறது என்று தீர்மானிப்பவர் யார்? பெரியார் இளவயதில் காசிக்குப் போனபோது, பசியோடு ஒரு சத்திரத்துக்குள் நுழையப் பார்த்து, பார்ப்பனரல்லாதார் என்பதற்காகத் தள்ளப்பட்டார் என்பதும், அந்தச் சத்திரத்தைக் கட்டியவரே தமிழ்நாட்டுப் பார்ப்பனரல்லாத வியாபாரி ஒருவர்தாம் என்பதும் அவரது வரலாற்றில் வரும் சங்கதிகள். பணம் நம்முடையது; பந்தி வேறொருவருடையது! பணம் கொடுத்ததோடு புண்ணியம் வந்துவிட்டதென்று ஒதுங்கிக்கொண்டால் இந்தக் கதிதான் நேரும்.

நிற்க. சேரன்மாதேவிக் குருகுலத்தின் கதையை உங்களில் பலர் அறிவீர்கள். தேசியக் கல்விக்கு என்று சொல்லி வ. வே. சு. அய்யர் நடத்திய அந்தக் குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் கொடுப்பதென்று தீர்மானித்து, அதில் 5,000 ரூபாயை முதலில் கொடுத்தது. சாதி பேதமின்றிப் பலரும் கொடுத்த பணம் அது. அங்கே நடந்தது என்ன? பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. மற்றவர்களுக்கு வேறு சாப்பாடு! சங்கதி வெளியே வந்ததும் பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் 1925-ம் வருஷத்தில் பெருங்கிளர்ச்சி செய்தார்கள். மீதிப் பணத்தைக் கொடுக்கக் கூடாதென்று பெரியார் தடை சொன்னார். பொதுப் பணம் போகிற இடத்தில் சமபந்தி இல்லையானால் பணமும் இல்லை என்பதுதானே அதன் கருத்து? ஆகவே, நன்கொடை கொடுப்பவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வியை நம் இயக்கத்தவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள் என்று தைரியமாய்ச் சொல்லலாம்.

இனி அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கிளீவ்லாந்து என்கின்ற நகரத்தில் 1914-ம் வருஷத்தில் பிரெடரிக் காஃப் என்னும் ஒரு பாங்கிக்காரர் ஒரு புதுமாதிரி நிதியை ஏற்படுத்தினார். செத்துப்போனவர்கள் எழுதிவைத்த உயில்கள் காலத்துக்குப் பொருந்தாமற் போன பின்பும், இறந்தவன் கையே உயிரோடிருப்பவன் பணத்தைப் பிடித்துக் கொண்டிருக்கிறதே என்பது அவருடைய குறை. ஆகவே, பலருடைய சொத்துக்களும் ஒரே ஊர்நிதியாய்ச் சேரவேண்டும். இன்றைய தேவை எதுவோ அதற்கு இன்றைய மனிதர் கூடிச் செலவிடவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்த நிதியில் போதிய பணம் சேரும் முன்பே, ஊரின் பள்ளிக்கூடங்கள் எப்படியிருக்கின்றன, ஏழைகளுக்கான உதவி எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து அறிக்கை போட்டார்கள். இதைப் பார்த்து உலகமெங்கும் பல ஊர்களில் இத்தகைய நிதிகள் தோன்றின.

ஆனால், அதோடு அங்கே சமத்துவம் வந்துவிட்டதா? வரவில்லை. 1930-களில் அந்நாட்டில் வீட்டுக் கடனுக்காகத் தயாரித்த நகரப் படங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வர்ணம் தீட்டி, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்துவைத்தார்கள். வர்ணம் காகிதத்தில்தான் பூசப்பட்டது. வறுமையோ மூன்று தலைமுறையின் முதுகில் ஏறிற்று. இப்போது அங்குள்ள ஊர்நிதிகள் பல, நிற பேதத்தையும் அதனால் வந்த தரித்திரத்தையும் போக்குவதற்கென்றே பணம் ஒதுக்குகின்றன. வியாதி இன்னதென்று ஒப்புக்கொண்ட பிறகே வைத்தியம் செய்ய முடியும் என்பதை அவர்கள் தெரிந்துகொண்டு வருகிறார்கள்.

நமக்குச் சிவப்பு மசி தேவைப்படவில்லை, தோழர்களே! ஊர் என்றும் சேரி என்றும் மநுதர்மம் முன்னமேயே படம் போட்டுக் கொடுத்துவிட்டது. சேரியைக் காலனி என்று பெயர் மாற்றினோம், இடத்தை மாற்றினோமா? நமக்கு அடுத்த ஊராகிய மேட்டுப்பாளையத்தில், நடூரில், 2019 டிசம்பர் 2-ந் தேதி விடியற்காலை நடந்ததை மறந்துவிட்டீர்களா? சுமார் 20 அடி உயரத்துக்கு எழுப்பியிருந்த ஒரு மதில், மழையில் ஊறி, தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகள்மீது சாய்ந்தது. தூக்கத்திலேயே 17 பேர் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு.

விதி என்று சிலர் சொன்னார்கள். மழை, சுவருக்கு இரண்டு பக்கமும் பெய்தது. சுவர் ஒரு பக்கந்தான் விழுந்தது. உயரமாய்ச் சுவர் எழுப்பத் தெரிந்தவனை ஒரு பக்கமும், அதனடியில் குடியிருக்க விதிக்கப்பட்டவனை மறுபக்கமும் வைத்தது கடவுளா, நாமா? செத்த பிறகு நிவாரணம் வந்தது, மந்திரிகள் வந்தார்கள், அரிசி பருப்போடு தர்மவான்களும் வந்தார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அந்தத் தர்மத்தில் ஒரு சிறு பாகம், சுவர் நின்றுகொண்டிருந்தபோது ஒரு வக்கீலாகவோ, ஒரு இஞ்சினீயராகவோ, ஒரு விண்ணப்பமாகவோ வந்திருந்தால் 17 உயிரும் இருந்திருக்குமே! சோறு போடுவது புண்ணியம். சுவரைக் கேள்வி கேட்பது வம்பு என்கின்ற புத்தி இருக்கிறவரையில் தர்மம் பிணத்துக்குப் பின்னாலேயேதான் நடந்து வரும்.

அப்படியானால் தர்மம் செய்கிறவர்களையெல்லாம் நான் நிந்திக்கிறேனா? இல்லை. நம்முடைய ஜில்லாவிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பீளமேட்டில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடு அவர்களின் மக்கள் நால்வர், 1926-ல் குடும்பச் சொத்தில் தர்மத்தையும் ஒரு சகோதரனாகப் பாவித்து, நாலு பங்கு போடவேண்டிய சொத்தை ஐந்து பங்காகப் போட்டு, ஐந்தாம் பங்கான 2,01,000 ரூபாயைப் பொதுக் காரியத்துக்கு வைத்தார்கள். இன்று கோவையில் நிற்கும் பி. எஸ். ஜி. கல்விச் சாலைகளும் ஆஸ்பத்திரியும் அதிலிருந்து முளைத்தவை. அதில் எனக்குப் பிடித்தது தொகையல்ல. கணக்குப் போட்ட விதம். மிஞ்சியதைப் போட்டால் பிச்சை. பங்கு பிரித்துக் கொடுத்தால் உரிமை. அந்த ஐந்தாவது சகோதரன் யார் என்று நான் கேட்கிறேன். சாக்கடை அள்ளுகிறவனும், மில்லில் நூல் கோக்கிறவளும், பிறருடைய தோட்டத்தில் வாழைத்தார் சுமக்கிறவனுமே அவன். அவன் கேட்பது பிச்சையல்ல, பாகப்பிரிவினை!

காரமடையோ 2021-ல் நகராட்சியாகிவிட்டது. நகரம் என்றால் நகரத்தின் புத்தியும் வரவேண்டாமா? இங்கே ஒரு ஊர்நிதி ஏற்படுத்துங்கள். ஆனால் சில நிபந்தனைகளோடு ஏற்படுத்துங்கள்.

ஒன்று: நிதியை நடத்தும் கமிட்டியில் சரிபாதிப் பேர் காலனிகளில் வசிப்பவர்களாகவும், அவர்களில் பெண்களாகவும் இருக்கவேண்டும். நோயாளியைக் கேளாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

இரண்டு: பணம் கொடுக்கும் முன் வீதி வீதியாய்க் கணக்கெடுங்கள். எந்த வீதிக்குச் சாக்கடை இல்லை, எவனுக்குப் பட்டா இல்லை, எந்தப் பெண்பிள்ளை படிப்பை நிறுத்தினாள், எந்தச் சுவர் சாயப் போகிறது என்று எழுதுங்கள்.

மூன்று: தனிக் குவளை, தனிச் சுடுகாடு, தனிப் பந்தி வைத்திருக்கும் எந்த ஸ்தாபனத்துக்கும் ஒரு காசும் கொடுக்காதீர்கள். சேரன்மாதேவியை மறக்காதீர்கள்.

நான்கு: வரவு செலவை மாதந்தோறும் சந்தையில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுங்கள்.

ஐந்து: சர்க்கார் செய்யவேண்டிய கடமையைச் சர்க்காருக்குப் பதிலாக நீங்கள் செய்துவிடாதீர்கள், செய்யும்படி சர்க்காரைக் கேட்கிற சக்தியை ஜனங்களுக்குக் கொடுங்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கு சமூகக் காரியத்துக்குச் செலவிடவேண்டுமென்று 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் சொல்லுகிறது. அந்தப் பணம் நிழற்குடையிலும் பெயர்ப்பலகையிலும் முடிந்துவிடாமல் கேட்டு வாங்குவதற்கும் இந்தக் கமிட்டி உதவும்.

தோழர்களே! இவற்றாலெல்லாம் சாதி நாளைக்கே ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு இன்னும் எவ்வளவோ வேலை இருக்கிறது. ஆனால், ஊர்ப் பணத்தைச் செலவு செய்ய மேட்டுத் தெருவும் காலனியும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு கணக்குப் பார்த்தால், அந்த ஒரு மணி நேரமாவது சாதிக்கு வேலையில்லாமற் போகும். வேலையில்லாத வஸ்து நாளடைவில் செத்துப்போகும்.

அடுத்த மாசியில் இலை போடுகிறபோது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்த இலையில் சாப்பிடுகிறவன் அடுத்த வருஷம் இலை போடுகிறவனாக ஆவதற்கு நான் என்ன செய்தேன்?" பதில் இல்லையானால் உங்கள் தர்மத்தில் கோளாறு இருக்கிறதென்று அர்த்தம்.