இலங்கையும் தமிழ் நாவலின் தொடக்கமும்



தமிழ் நாவலின் வரலாறு கூறுவோர், 1879ஆம் ஆண்டில் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் தொடங்குவர், அது முறையே. அடுத்து ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ என்று சொல்லி நிறுத்துவர். யான் மாணவர்க்குப் பாடஞ் சொன்ன நூல்களும் அவ்வாறே நின்றன. இடையே கடலுக்கப்பால் நிகழ்ந்தது விடுபட்டுப் போயிற்று.

எண்ணூரை அடுத்த சடையங்குப்பத்தில் வாழும் எனக்குக் கப்பல்கள் பழகிய காட்சி. சரக்கோடு நூல்களும் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1860இல் சென்னைத் தங்கசாலைத் தெருவில் அச்சுக்கூடம் நிறுவினார். இவ்வாறு இரு கரைகளுக்கும் ஒரே எழுத்துலகம் அமைந்தது.

அவ்வுலகில், பிரதாப முதலியார் தோன்றிய ஆறாம் ஆண்டில், 1885இல், ‘அசன்பேயுடைய கதை’ வெளிவந்தது. எழுதியவர் கண்டி நகரத்துச் சித்திலெவ்வை. ‘முஸ்லிம் நேசன்’ இதழை நடத்தியவர். எகிப்து நாட்டில் பிறந்த குழந்தை களவாடப்பட்டுப் பம்பாயில் வளர்வதைக் கூறும் கதை அது. பிரதாப முதலியாரோ நம் நாட்டு இல்லறத்தையும் ஊரையும் சுற்றி வருபவன். ஆண்டு முந்தியது என்பதனாலேயே முன்னதைப் பார்த்துப் பின்னது எழுந்தது என்று துணிதல் தகாது.

ஆயின் இருவருக்கும் உள்ள ஒற்றுமை வியப்பிற்குரியது. வேதநாயகம் பிள்ளை மாயூரத்து முன்சீப், சித்திலெவ்வை வழக்கறிஞர். முன்னவர் பெண்கல்வியை வற்புறுத்திப் ‘பெண்மதி மாலை’ பாடினார்; பின்னவர் முஸ்லிம் பெண்களின் கல்விக்குப் பாடுபட்டார். இருவரும் மேனாட்டு வடிவத்தைக் கையிற்கொண்டு, எல்லாரும் படிக்கும் உரைநடையில் தம் மக்களுக்கு நல்லது சொல்ல முனைந்தனர். கடல் கடந்து பொதுவாய் நின்றது கதையன்று; நோக்கமே.

மேனாட்டுக் கதையைத் தழுவியோரும் உண்டு. திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891), ஐரோப்பியர் நெடுங்காலம் சொல்லிவந்த வீரக்கதையின் தமிழ் வடிவமாகும்.

அதே திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை மற்றொரு வழி சென்றார். அவரது ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் அச்சாயிற்று. மதுரைச் சொக்கநாத நாயக்கர், தஞ்சை இளவரசி ஆகியோரைப் பற்றியது; தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர் பலர் போற்றுவது. நம் மண்ணின் வரலாற்றை நமக்கு நாவலாக்கித் தந்தவர் ஓர் ஈழத்தவர்! ‘பொன்னியின் செல்வ’னை விரும்பிப் படிக்கும் இளைஞருள் எத்தனை பேர் இப்பெயரைக் கேட்டிருப்பர்?

ஒருவர் கொடுக்க, மற்றொருவர் வாங்கினார் என்னும் கணக்கு இங்கே பொருந்தாது. இருகரையாரும் சேர்ந்து வளர்த்த பயிர் இது. பாதி வரலாற்றைக் கற்ற மாணவன், தன் மொழியின் எல்லையைத் தன் மாநிலத்தின் எல்லை என்றே கருதிவிடுவான். ஆதலின், ஆசிரியப் பெருமக்களே, கமலாம்பாளைச் சொல்லும்போது மோகனாங்கியையும் சொல்லுங்கள். நூலகத்தில் அந்நூல்கள் இல்லையெனில், கேட்டு வாங்குங்கள்.