வரிக்கு மெட்டா, வடிவத்துக்கு மெட்டா?

பதினான்காம் நூற்றாண்டுப் பிரான்சில் கவிதையும் இசையும் ஒரே கையில் சேர்ந்திருந்ததற்குப் பெரிய சான்று கியோம் த மஷோ. ரெய்ம்ஸ் பேராலயத்தில் பதவி வகித்து 1377-இல் மறைந்தவர். நெடுங்கவிதைகளும் எழுதினார், பல குரல்கள் சேர்ந்து பாடும் பாடல்களும் அமைத்தார். ஆனாலும் அவர் மெட்டு சொல்லின் பொருளுக்குப் பெரிதாக வளையவில்லை. கவிதையின் வடிவத்துக்கே வளைந்தது.

ரோந்தோ என்ற வகையைப் பார்த்தால் இது விளங்கும். அதன் எளிய வடிவம் எட்டு வரி. முதல் இரண்டு வரிகள் பல்லவி. முதல் வரி நான்காவதாகவும் ஏழாவதாகவும் மறுபடி வரும்; இரண்டாம் வரி எட்டாவதாக வந்து பாட்டை முடிக்கும். மற்ற மூன்றே புதியவை. இசைக்கோ இரண்டே பகுதிகள்: ஒன்று ஐந்து முறை ஒலிக்கும், மற்றது மூன்று முறை. கெஞ்சும் வரிக்கும் புகழும் வரிக்கும் ஒரே மெட்டு. அழுகைக்கு ஒரு சுரம், சிரிப்புக்கு ஒரு சுரம் என்று வைக்க அங்கே இடம் ஏது? நீண்ட இழுப்புகள்கூட வரியின் முதல் அசையிலோ முடிவை ஒட்டியோதான் பெரும்பாலும் விழும். அங்கே எந்தச் சொல் நிற்கிறது என்பது பொருட்டல்ல.

விதிவிலக்கும் மஷோவிடமே உண்டு. முடிவும் தொடக்கமும் ஒன்றே என்று பேசும் அவருடைய ரோந்தோவில், ஒரு குரலின் இசையை இன்னொரு குரல் கடைசியிலிருந்து முதலுக்குப் பாடுகிறது. மூன்றாம் குரலுக்குப் பாதிதான் எழுதியிருக்கும். முடிந்ததும் வந்த வழியே திரும்ப வேண்டும். கவிதை சொல்வதை இசை செய்துகாட்டுகிறது. காதால் மட்டும் கேட்பவர் இதைக் கண்டுபிடிப்பது அரிது. ஏட்டைப் பார்ப்பவருக்கே முழு விருந்து.

சொல்லைப் பொருட்படுத்தாததில் மோட்டெட் என்ற பாடல் வகை இன்னும் ஒரு படி மேலே போனது. கீழே தேவாலய மெட்டு ஒன்று மெல்ல நகர, மேலே இரண்டு குரல்கள் இரண்டு வெவ்வேறு கவிதைகளை ஒரே நேரத்தில் பாடும். சொல் புரிய வேண்டும் என்ற கவலையே அதில் இல்லை.

கவிதை இசையை விட்டுத் தனிவழி போனதும் அக்காலத்தில்தான். 1392-இல் யூஸ்தாஷ் தெஷான் எழுதிய செய்யுள் இலக்கண நூல், செய்யுளையே இயற்கை இசை என்றது; சுரங்களாலான இசைக்குச் செயற்கை என்று பெயர் வைத்தது. இரண்டும் சேர்ந்தால் சிறப்பு, தனித்தனியேயும் இனிக்கும் என்பது அவர் கட்சி. அவர் கவிஞர் மட்டுமே. மஷோ மறைவுக்கு அவர் எழுதிய இரங்கற்பாவுக்கு நான்கு குரலில் இசையமைத்தவர் வேறொருவர். அடுத்த நூற்றாண்டில், கவிஞர் கிறிஸ்தீன் த பிசானின் துயரக் கவிதைக்கு மெட்டமைத்தவர் 1460-இல் மறைந்த பென்ஷுவா. பழைய வடிவங்கள் 1500 வாக்கில் வழக்கொழிந்த பிறகே, வரிக்கு வரி பொருளைத் தொடரும் இசை பரவலாகத் தலையெடுத்தது.